கீழறைப் படிக்குப் பலகை

செஞ்சி,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு ஷோபனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் நைனாவுக்கும் உடம்பு சுகம்தான், என் முட்டிவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் நைனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டு மணிமொழியின் மகன் லீவு முடிந்து கனடாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் வேர்க்கடலைப் பொடியும் வடகமும் கொடுத்து, அதற்கு நடுவில் இதையும் வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவர் வந்த இரண்டு தடவையும் நம் வீட்டுக்குக் கீழே ஓர் அறை இருப்பதையே பார்க்கவில்லை, அதனால் அவருக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததைத்தானே சொல்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதே.

நம் தெரு மலைச்சரிவில் இருப்பதால் தெருவாசலில் நுழைந்தால் மேல்வீடு, கூடத்து மூலையில் இருக்கும் கல்படியில் இறங்கினால் பாதி மண்ணுக்குள் புதைந்த மாதிரி கீழறை. அந்தக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும், அதுதான் வேர்க்கடலை, கொட்டி வைக்கக் கட்டியது. உன் நைனாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது மேல்வீடு நமக்கும், கீழறையும் பின்சந்துப் பக்கம் இருக்கிற இடமும் சித்தப்பாவுக்கும் வந்தது. பாகம் பிரிந்தாலும் படி பிரியவில்லை. சித்தப்பா பெண்டாட்டி, உன் சின்னம்மா வைத்த குழம்பு மேலே வரும், நான் சுட்ட தோசை கீழே போகும், கோடையில் மலைப்பாறை சூட்டைக் கக்கும்போது நீ பாயைச் சுருட்டிக்கொண்டு சின்னம்மாவிடம் படுக்க ஓடிவிடுவாய். நீ வயதுக்கு வந்ததும், பொம்பளைப் பிள்ளை குளிக்கக் கொல்லைக்குப் போகக் கூடாது என்று உன் நைனா படிச்சுவருக்கு ஒட்டினாற்போல் மேலேயே ஒரு பாத்ரூம் கட்டினார். ரைஸ்மில்லில் மிஷின் பார்த்த கை இல்லையா, குழாயெல்லாம் அவரே பதித்தார், யாரையும் தொட விடவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும், வந்தவர்களுக்கெல்லாம் முதலில் பாத்ரூமைத்தான் காட்டுவார்.

சித்தப்பா மாரடைப்பில் போன பிறகு, வருஷம் திரும்புவதற்குள், ஒருநாள் சின்னம்மா மேலே வந்து, கீழறைச் சுவரில் தண்ணீர் கசிகிறது, பாத்ரூமைக் கொஞ்சம் பாருங்கள் என்றாள். மலையடியில் வீடு கட்டினால் தண்ணீர் ஊறாமல் என்ன செய்யும் என்றார் உன் நைனா. அவள் மெதுவாகத்தான் சொன்னாள், "மலைத்தண்ணியில சோப்பு வாசன வருமா மாமா?" அவ்வளவுதான், இவருக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "எம்பொண்ணு குளிச்ச தண்ணிய மோந்து பாத்துட்டு வந்து எங்கிட்டயே நாயம் பேசுறியா?" என்று கேட்டுவிட்டார். அவள், "எம்புருசன் இருந்தா இந்தப் பேச்சு வருமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே இவர் படிக்கதவைப் பூட்டி, குறுக்கே பீரோவை நகர்த்தி வைத்தார். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு ஏதோ சின்ன மனஸ்தாபம் என்றுதான் சொன்னோம். பிறகு கல்யாணம், கனடா என்று நீயும் போய்விட்டாய். நான் மட்டும் பின்சந்து வழியாகச் சுற்றிப்போய்ப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏதாவது கொடுத்துவிட்டு வருவேன். உன் நைனாவுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். சத்துணவில் சமையல் வேலை செய்துகொண்டு அவள் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டாள், போன வருஷம் ரிட்டயரும் ஆகிவிட்டாள்.

கார்த்திகையில் வந்த புயல்மழையில் நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று போனில் சொன்னேன் இல்லையா, அது முழுவதும் நிஜமில்லை, நீ பயப்படுவாய் என்று மறைத்துவிட்டேன். விடிந்தும் விடியாத நேரம், மழை கொட்டுகிறது, பீரோவுக்குப் பின்னால் கதவை யாரோ தட்டுகிறார்கள். பின்சந்தில் வெள்ளம் ஏறிச் சின்னம்மாவின் வாசல்கதவைத் திறக்க முடியாமல் அடைத்துவிட்டது. அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான் பீரோவைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. உன் நைனா எழுந்து வந்தார், தோளைக் கொடுத்துத் தள்ளினார். பூட்டுச் சாவி எங்கே போனதோ, கடப்பாரையால் நெம்பிக் கதவையே பெயர்த்தார். அவள் அதற்குள் திரும்ப இறங்கிப் போய்ச் சித்தப்பா போட்டோவையும் ரேஷன் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறாள், நடுப்படியில் காரை உடைந்து கிடந்த இடத்தில் கால் வைத்தாள், மடேர் என்று கீழே தண்ணீரில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் மணிக்கட்டு பிசகி எலும்பு முறிந்துவிட்டது. புருஷனுக்கு அண்ணன், மூத்தார் தொடக் கூடாது என்று ஒரு முறை இருக்கிறதே, அதையெல்லாம் பார்க்கிற நேரமா, உன் நைனா தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டோம். வெள்ளம் வடிகிற வரைக்கும் அவள் நம் கூடத்தில்தான் இருந்தாள். இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. இவர் என்னைப் பார்த்து, "அவங்களுக்குக் காப்பி குடுத்தியா?" என்பார். அவளும் என்னைப் பார்த்து, "மாமாவுக்கு வெந்நி வெக்கணுமாக்கா?" என்பாள். நடுவில் நான் தபால்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். தரை காய்ந்ததும் கட்டுப் போட்ட கையோடு அவள் கீழே போய்விட்டாள். போகும்போது என்னிடம், "பனமலையில எந்தம்பி பையன் வந்துடு அத்தைன்னு கூப்பிடுறான்கா. கை சரியானதும் போயிடறேன். கீழறைய நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு அதுல ஒண்ணும் வேணாம்" என்றாள். நான் அதை வந்து சொன்னபோது உன் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவராகவே படியைச் சரிபண்ண வேண்டும் என்றார். நீ உன் வீட்டுக் கீழறைப் படியில் பழைய கம்பளத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மரப்பலகை அடித்ததாகப் படம் அனுப்பினாயே, அதை எதற்கு இவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டைல்ஸ் போட்டால் வழுக்கும், மறுபடி சிமெண்ட் பூசினால் மறுபடி பெயரும், பலகை என்றால் காலுக்குக் கதகதப்பாக இருக்கும், விழுந்தாலும் அடி குறைச்சல் என்றார். யார் விழுவார்கள் என்று நான் கேட்கவில்லை. தொண்டூரிலிருந்து அன்புமணி என்று ஓர் ஆசாரி, நல்ல வேலைக்காரர், அவரை வரவழைத்தோம். பலகை அடிப்பது கடைசி வேலைதானாம், அதற்கு முன்னால் படியைத் தயார் பண்ணுவதே பெரிய வேலையாகப் போய்விட்டது. முதலில் பழைய காரையையெல்லாம் கொத்தி எடுத்தார்கள், வீடு முழுக்கத் தூசி, துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். காரைக்கு அடியில் பார்த்தால் ஒரு படி உயரம், ஒரு படி குட்டை, ஒன்று முன்னால் சாய்கிறது, இத்தனை காலமும் அதில் எப்படித்தான் ஏறி இறங்கினோமோ. எல்லாவற்றையும் மட்டம் பார்த்துச் சமன்படுத்தினார்கள், சந்து பொந்துகளை அடைத்துக் கரையான் மருந்து விட்டார்கள். சின்னம்மா கீழேயிருந்து, "எனக்கோசரம் பண்றதா இருந்தா வேணாம்கா, நான் போறவ" என்றாள். "எனக்கோசரம்தான்டி, என் முட்டிக்கு" என்று நான் சமாளித்தேன்.

பலகை போடுவதற்கு முன்னால் அன்புமணி சுவரோரம் படிமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரமெல்லாம் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து எடுத்தால் தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். மழை நின்று மாதக்கணக்கில் ஆகிறது, மாசி வெயில், ஊரில் கிணறுகளே கீழே போய்விட்டன, இங்கே மட்டும் எங்கிருந்து ஈரம்? "ஈரத்து மேல பலகை போட்டா உப்பிக்கும்மா, அப்புறம் என்னைத் திட்டுவீங்க. பாத்ரூம் தண்ணியா இருக்குமோ?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். உன் நைனா நிமிர்ந்துவிட்டார். "அது நான் பதிச்ச கொழாய். ஒரு பொட்டு ஒழுவாது. காட்றேன் பாரு" என்று கடைக்குப் போய்த் துணிக்குப் போடுகிற சொட்டுநீலம் வாங்கி வந்து, பாட்டிலைப் பாத்ரூம் தரையில் கவிழ்த்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். கீழே ஒரு துளி நீலமும் வராது, எல்லார் வாயும் அடங்கும் என்று அவருக்கு நிச்சயம். எனக்கோ ஷோபனா, சாமி, இவர் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்றும் தோன்றியது, அப்படியானால் அவள் சொன்னது பொய்யாகிவிடுமே என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில் காப்பி ஆற்றி வைத்துவிட்டுத் தேடுகிறேன், ஆளைக் காணோம். படியில் எட்டிப் பார்த்தால் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் அவர் தலைக்கு நேராகத் தொடங்கி நீலமாகக் கோடு இறங்கியிருக்கிறது, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். என்னைக் கண்டதும், "ஒரு துணி குடு" என்றார். சுவரைத் துடைத்து மறைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன், இருந்தாலும் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த நீலத்தை மட்டும் அதில் துடைத்துக்கொண்டு கீழே பார்த்துக் கூப்பிட்டார், "அம்மாக்கண்ணு, கொஞ்சம் வாம்மா." இத்தனை வருஷத்தில் அவள் பேரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அவள் வந்து நின்றாள். "நீ சொன்னதுதான் நெசம். எங்க தண்ணிதான். பாரு" என்று சுவரைக் காட்டினார். அவள் பார்த்தாள். அப்படியே இறங்கிப் போய்விட்டாள். அன்று முழுவதும் அவள் அடுப்புப் பற்றவைத்த சத்தமே இல்லை. நான் கொண்டுபோன சோற்றையும் தொடவில்லை.

அடுத்த நாள் அவளே ஏறி வந்தாள். உன் நைனா வெளியே கிளம்ப நின்றுகொண்டிருந்தார், செருப்பைப் போட்டவர் போட்டபடியே நின்றார். அவள் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினால் தாள் போதாது. ஈரம் படும் என்று கட்டிலை நடு அறையில் போட்டுப் படுத்தது, முகூர்த்தப் புடவை பூஞ்சை பூத்துப் போனது, மழைக்காலம் வந்தால் மூச்சு இழுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடந்தது, மேலே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர்களுக்கு நான் செத்தாலும் வாடை வந்துதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டது, எல்லாம் சொன்னாள். "சோறு குடுக்கலன்னு நான் கேக்கல மாமா. சொவர வந்து ஒரு தரம் தொட்டுப் பாத்திருக்கலாம் இல்ல? என் வார்த்தைக்கு அந்த மரியாத கூடவா இல்ல?" என்று கேட்டாள். உன் நைனா ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். நடுவில் நான் ஏதோ சமாதானம் சொல்லப்போனேன், கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். அவள் பேசி முடிக்கிறவரைக்கும் நின்றார். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிட்டாள் என்பது எனக்குப் பாதி நிம்மதி. மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன், அது அவள் மனசு, எனக்கு எப்படித் தெரியும்.

உன் நைனா பாத்ரூமை உடைக்கச் சொல்லிவிட்டார். அவர் கையால் பதித்த குழாயை அவரே நின்று பெயர்த்து எடுக்க வைத்தார், குழாயும் குழாயும் சேருகிற ஒரு முட்டில் விரிசல் விட்டிருந்தது. புதுக்குழாயைப் படிப்பக்கமே வராமல் தெருப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. அதுவரைக்கும் குளிக்க எங்கே போவது? சின்னம்மாதான், "கீழ எம்பாத்ரூம் இருக்குதே, இதுக்குப் போய் ஏன் பக்கத்து வீட்டுல கேக்கணும்?" என்றாள். தினமும் காலையில் உன் நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சோப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொத்திப்போட்ட படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்குவார். பாதிப்படியில் நின்று இருமுவார். அவள் உடனே பின்வாசல் பக்கம் போய்விடுவாள், இவர் குளித்து ஏறியதும் வந்து, "சோப்பை மறந்துட்டுப் போயிட்டாரு பாருக்கா" என்று கொண்டுவந்து கொடுப்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருநாள் பனமலையிலிருந்து அவள் தம்பி மகன் மினிவேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றான், கை சரியாகிவிட்டதே, கிளம்பு அத்தை என்றான். அவள் மூட்டையெல்லாம் கட்டித்தான் வைத்திருந்தாள், நானே பார்த்திருக்கிறேன். உன் நைனா படியிலேயே நின்றுகொண்டிருந்தார், இரு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, எந்த முகத்தோடு சொல்வார். அவள் வேனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "இவங்க பாத்ரூம் வேல இன்னும் முடியலடா. நான் பூட்டிக்கினு வந்துட்டா இவங்க குளிக்க எங்க போவாங்க?" என்றாள். அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான், டீ குடித்துவிட்டுக் காலி வேனோடு போனான். பாத்ரூம் வேலை முடிந்து இப்போது பத்து நாளைக்கு மேல் ஆகிறது, அவளும் பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. மூட்டையில் ஒன்றை மட்டும் பிரித்திருக்கிறாள்.

படி காய்வதற்கு ஃபேனைப் போட்டு வைத்திருந்தோம். மறுபடி தாள் ஒட்டிப் பார்த்து, சொட்டு ஈரமில்லை என்ற பிறகுதான் அன்புமணி பலகையைத் தூக்கினார். எங்கோ இடித்த பழைய வீட்டுத் தேக்கு, இழைத்தபோது வாசனை தெருவரைக்கும் வந்தது. நுனி வழுக்காமல் இருக்க ஒவ்வொரு பலகையிலும் கோடு கோடாகக் கீறிவிட்டு, சின்னம்மா பிடித்துக்கொள்ள அவளுடைய நல்ல கைப்பக்கமாகவே ஒரு கைப்பிடியும் வைத்திருக்கிறார். கடைசியாக, பெயர்ந்த கதவை மாட்டும்போது தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டார். கேள்வி சின்னதுதான், ஆனால் நாங்கள் மூன்று பேருமே அங்கே நின்றுகொண்டிருந்தோம். உன் நைனா யோசிக்கவே இல்லை. "கீழ்ப்பக்கம் வையி. எங்க பக்கம் ஒண்ணும் வேணாம்" என்றார். சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயில் அதிகம் என்றாள். முதல் இரண்டு நாளும் பகலிலேயே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது இரவில் மட்டும் போடுகிறாள். காலையில் அவள் அதை இழுக்கிற சத்தம் கேட்டால்தான் இவர் பேப்பரை எடுக்கிறார்.

நீ இதற்கு ஒன்று செய்ய வேண்டும். சின்னம்மாவின் போன் நம்பரைத் தனிச்சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீயாகக் கூப்பிட்டுப் பேசு. அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டு நீயும் அவளிடம் பேசாமல் இருந்துவிட்டாய், அது உன் குற்றமில்லை, ஆனால் அவள் உன் கல்யாண ஊர்வலத்தைப் பின்சந்தில் நின்றுதான் பார்த்தாள். நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. பிள்ளையையும் இரண்டு வார்த்தை பேசச் சொல், அவன் தமிழ் எப்படி இருந்தாலும் அவளுக்குப் போதும். உன் நைனாவிடம் மட்டும் நீலத்தைப் பற்றிக் கேட்காதே. அந்தப் பாத்ரூமை உனக்காகக் கட்டினார் என்பது அவருக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் படி அழகாக இருக்கிறது நைனா என்று மட்டும் சொல்லிவிடு. உன் வீட்டுக் கீழறையிலும் சுவரோரம் ஈரம் இருக்கிறதா என்று ஒருதரம் கையால் தொட்டுப் பார். ஷூவைப் படியில் கழற்றிப் போடாதே, பிள்ளை தடுக்கி விழுவான். வேர்க்கடலைப் பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறாண்டு நோயின்றி, மனசில் பாரமின்றி, ஒருவர் வார்த்தையை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு வாழ வேண்டும் என்று உன் நைனாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
அ. ராஜாம்பாள்

பி.கு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா மேலே வந்து, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டாள். உனக்கு என்றேன். வடகம் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அதுக்கு வெங்காய வடகம்தான்கா புடிக்கும், இது ஆவாது" என்று கீழே போய் அவள் போட்டதை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.